பொம்மை வீட்டில் நாலாவது தட்டு

வெளியே மாட்டிய வளையம் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். காய்ந்த பாசியைத் தலைமுடி போன்ற பித்தளைக் கம்பியில் சுற்றி, அடியில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டு, கிறிஸ்துமஸ் அலங்காரமாகப் பொம்மை வீட்டின் தெருக்கதவில் மிலாடாவே தன் கையால் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். காப்பி போட்டுக்கொண்டு திரும்ப ஐந்து நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். கதவு சாத்தியபடியே இருந்தது. வளையம் மட்டும் கதவின் மறுபக்கத்தில், வீட்டுக்குள் இருப்பவர்கள் பார்க்கும் பக்கத்தில் தொங்கியது.

இந்தப் பெண்ணின் வேலைதான் என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகுதான் மணி இரண்டு என்பதும், அபோலேனா இன்னும் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்பதும் நினைவுக்கு வந்தன. கணவன் கமில் மரமறுக்கும் ஆலையில் இருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. வெளியே யிசெரா மலைச்சரிவு முழுக்க மூடுபனி. கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் மட்டும் அவ்வப்போது, யாரோ மூட்டையை இறக்கி வைப்பதுபோல் கேட்டது.

இடுக்கியால் வளையத்தை எடுத்து மறுபடி வெளியே மாட்டினாள். ஞாபகமில்லாமல் மாற்றி மாட்டியிருப்பேன், இதற்கெல்லாமா மண்டையை உடைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பொம்மை வீட்டைச் செய்தவள் கமிலின் முதல் மனைவி ஹெட்விகா. தச்சன் மகள். மகள் அபோலேனாவின் ஐந்தாவது பிறந்தநாளுக்காக ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தது. கீழே அடுக்களையும் சாப்பாட்டு அறையும், மேலே இரண்டு படுக்கையறைகள், நடுவில் தீப்பெட்டிக் குச்சிகளால் படிக்கட்டு. ஹெட்விகா இறந்து இந்தக் கிறிஸ்துமஸோடு இரண்டு வருடம். மிலாடா இந்த வீட்டுக்கு மனைவியாக வந்து ஒன்றரை வருடம். அபோலேனா அவளை இன்னும் ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. ஹெட்விகாவின் தோழியாக வந்துபோன காலத்தில் கூப்பிட்ட அதே "அத்தை"தான்.

"அந்தப் பொம்மை வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வேலையெல்லாம் நீ செஞ்சு குடு" என்று கமில்தான் சொன்னான். "கண்ணாடி மணி ஊதுற பட்டறையில வேலை பார்க்கிற. உன் கைக்கு வராததா? அதுக்கப்புறம் அவ மனசு இறங்கலைன்னா என்கிட்ட கேளு."

போன கிறிஸ்துமஸுக்குக் கமிலின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஹெட்விகா இறந்த பிறகு இந்த வீட்டில் விளக்கேற்றி உட்காரப்போவது இதுதான் முதல் தடவை.

மிலாடாவுக்கும் வேலை பிடித்திருந்தது. பட்டறையில் கழித்துப் போட்ட கடுகளவு வெள்ளிப்பூச்சு மணிகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். அவற்றைக் கம்பியில் கோத்து அரிசி அளவு நட்சத்திரங்கள் செய்தாள். உப்பு மாவைப் புரிபுரியாகப் பின்னி, காப்பித் தண்ணீர் பூசி, அரை விரல்கணு நீளத்தில் கிறிஸ்துமஸ் ரொட்டி சுட்டாள். மெழுகில் தோய்த்த நூல் மெழுகுவர்த்தியானது. ஜூனிப்பர் செடியின் நுனி, நூல்கட்டையில் செருகியதும், மரமானது. டப்பா மூடியின் தகரத்தில் துளைபோடும் கருவியால் மூன்று தட்டுகள் வெட்டினாள்.

வீட்டில் இருந்த பொம்மைகளும் மூன்று. அப்பா, மகள், அம்மா. அம்மா பொம்மை மேல்மாடிக் கட்டிலில் போர்வைக்குள் படுத்திருந்தது. அதன் தலையில் இருந்தது நூல் அல்ல, ஹெட்விகாவின் சொந்த முடி. அதைப் பார்க்கும்போதெல்லாம் மிலாடாவுக்குப் பல் கூசியது. டிசம்பர் நாலாம் தேதி, யாரும் இல்லாத மத்தியானத்தில், அதை எடுத்து அடுப்பில் போட்டாள். முடி பொசுங்கும் நாற்றம் மூக்கில் ஏறிச் சாயங்காலம் வரை இறங்கவில்லை. மிச்சப்பட்ட பச்சைக் கம்பளித் துணியில் தன்னைப்போலவே ஒரு பொம்மை செய்து அடுக்களையில் நிறுத்தினாள்.

பள்ளிவிட்டு வந்த அபோலேனா பொம்மை வீட்டின் முன்னால் நெடுநேரம் நின்றாள். பத்து வயதுக்கு உயரமான பெண். அம்மாவின் மெல்லிய உதடுகள்.

"அம்மா எங்கே?"

"பூச்சி அரிச்சிருந்துச்சு கண்ணு. தூக்கிப் போட்டுட்டேன். பாரு, புதுசு."

பெண் அழவில்லை. குனிந்து சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாள். "மூணு தட்டுதான் வெச்சிருக்கீங்க."

"மூணு பேர்தானே இருக்கோம்?"

"ஒத்தைப்படையா உட்காரக் கூடாது அத்தை. ஆகாது. நாலாவதா ஒண்ணு வைக்கணும்."

"செத்தவங்களுக்கெல்லாம் சமைச்சுப் போட எனக்குத் தெம்பில்ல" என்றாள் மிலாடா. சொன்ன பிறகு கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் அம்மாவுக்குன்னு சொல்லலியே" என்றாள் பெண்.

எட்டு நாள் கழித்து நாலாவது தட்டு வந்தது.

காலையில் தூசி தட்டும்போதுதான் பார்த்தாள். மூன்று தகரத் தட்டுகளுக்கு நடுவே, ஆளில்லாத நாற்காலிக்கு நேராக, வெளிறிய வட்டம் ஒன்று. மீன் செதில். விளிம்பில் வரிவரியாக ஓடிய ரேகைகள் ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தன. தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தாள். குளத்துச் சேறு மணத்தது. கெண்டை மீன் விற்கிற தொட்டிகள் சந்தைச் சதுக்கத்துக்கு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வீட்டுக்குள் மாதக்கணக்கில் மீனே வந்ததில்லை.

செதிலை ஜன்னல் வழியே எறிந்தாள். மறுநாள் அதே இடத்தில் இருந்தது. அன்றைக்கும் எறிந்தாள். மூன்றாம் நாள் எறியவில்லை.

மேல்மாடிக் கட்டிலை இனிப் பார்ப்பதில்லை என்று தீர்மானித்திருந்தாள். ஆனாலும் அங்கே ஒரு சின்னத் தோரணம் கட்ட வேண்டியிருந்தது. சாக்லேட் காகிதத்தை இழையிழையாக வெட்டிச் சங்கிலியாக ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுக்கு மேல் கொண்டுபோனாள். போர்வை குழிந்திருந்தது. பொம்மை போன பிறகு அவளே நீவித் தட்டையாக்கிய போர்வை அது. இப்போது நடுவில், ஒருத்தி பக்கவாட்டில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தால் எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கிக் கிடந்தது. விரல்நுனியை அந்தக் குழியில் வைத்தாள்.

சூடாக இருந்தது. காய்ச்சல்காரர் படுக்கைபோல் லேசான வியர்வை ஈரத்தோடு.

மிலாடாவுக்கு அந்தச் சூடு தெரியும். ஹெட்விகாவின் கடைசி இலையுதிர்காலம் முழுக்க, தோழிக்கு உதவி செய்கிறேன் என்று இந்த வீட்டுக்கு வந்து, மேல்மாடியில் அவளுக்கு விரிப்பு மாற்றியவள் அவள்தான். கீழே அடுக்களையில் கமிலுக்குச் சூப்பு ஊற்றியவளும் அவள்தான். ஹெட்விகாவின் இதயம் பழுதாகியிருந்தது. ஏதாவது தேவை என்றால் கரண்டியின் அடிப்பக்கத்தால் கட்டில் சட்டத்தில் மூன்று தரம் தட்டுவாள்.

அந்தக் கிறிஸ்துமஸ் மாலையும் தட்டினாள். கீழே மூவரும் மேஜையில் உட்கார்ந்து அப்போதுதான் சூப்பில் கரண்டி வைத்திருந்தார்கள். கமில் பாதி எழுந்தான். மிலாடா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "உட்காரு. சாப்பாடு முடியறதுக்கு முன்னாடி இந்த மேஜையை விட்டு எழறவங்க அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டாங்க, தெரியும்ல?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கமில் உட்கார்ந்தான். பெண் நாற்காலியை விட்டு இறங்கப் பார்த்தாள். மிலாடா அவள் தோளை அழுத்தினாள். "நீயும்தான் கண்ணு. எழுந்தா சாவு." சூப்பு முடிந்து, மீன் முடிந்து, உருளைக்கிழங்கு முடியும்வரை மேலே தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று தரம். மூன்று தரம். பிறகு இரண்டு. பழப்பாகு வரும்போது நின்றுவிட்டது. அன்றைக்கு அந்தப் பெண் ஒவ்வொரு துணுக்கையும் சாப்பிட்டாள், தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல்.

அதைப் பற்றி மூவரும் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இந்தப் பொம்மை வீட்டைப் பரண்ல போட்டுடலாம்" என்று, போர்வைச் சூட்டைத் தொட்ட அன்று இரவு, கமிலிடம் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா? நேத்து அவ என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'அத்தை ரொம்ப அழகா செய்யறாங்கப்பா, அம்மாவுக்கும் பிடிச்சிருக்கு'ன்னா."

"அம்மாவுக்கும்னா?"

"குழந்தைங்க பேச்சு" என்று கமில் விளக்கை அணைத்தான். அவன் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

இருபதாம் தேதி மத்தியானம் மரத்துக்குக் கடைசி மணிகளைத் தொங்கவிட்டாள். முப்பது, நாற்பது இருக்கும். ஒவ்வொன்றும் கடுகு. ஒவ்வொன்றிலும் அறை வளைந்து தெரிந்தது, ஜன்னல் ஒரு வெள்ளைக் கீற்றாக, அவள் முகம் ஒரு புள்ளியாக. முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அவள் புள்ளிக்குப் பின்னால் இன்னொரு புள்ளி இருந்தது. கண்ணில் தூசியோ என்று இமையைக் கசக்கினாள். எல்லா மணியிலும் இருந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தாள். நாற்பது மணிகளிலும் அவள் புள்ளிகள் சாய்ந்தன. மற்றது சாயவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது, அவள் தோளுக்கு ஒரு முழம் பின்னால். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் பின்கழுத்து ஜில்லிட்டது. நாள்பட்ட படுக்கையின் நாற்றம் வந்தது, கற்பூரத் தைலமும் புளித்த பாலும் கலந்து.

திரும்பினாள்.

யாரும் இல்லை. நாற்காலி. சுவர். மூடிய கதவு.

மறுபடி மரத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி சந்தைச் சதுக்கத்துக்குப் போய் மீன் வாங்கினார்கள். ரப்பர் மேலங்கி போட்ட மீன்காரன் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு கெண்டையைத் தூக்கிக் காட்டினான். "இவன் நல்ல குடும்பத்துப் பையன் மேடம். ரெண்டு நாள் குளியல் தொட்டியில படுத்துக்குவான், சோறுகூடக் கேட்க மாட்டான். அடிச்சுத் தரவா, உசுரோடவா?"

"உயிரோட" என்றாள் அபோலேனா முந்திக்கொண்டு.

இரண்டு நாளும் பெண் குளியல் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து அதோடு பேசிக்கொண்டிருந்தாள். மிலாடா சுத்தியலும் கத்தியுமாக உள்ளே வந்தபோதும் எழவில்லை.

"பேர் வெச்சிட்டா அப்புறம் சாப்பிட முடியாதுன்னு அம்மா சொல்லுவாங்க" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி, "உங்களுக்குப் பேர் தெரிஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுல்ல அத்தை?"

"வெளியே போ."

"அடிச்சதும் செத்துடுமா, இல்ல கொஞ்ச நேரம் தட்டிக்கிட்டே இருக்குமா?"

மீன் தட்டிக்கொண்டேதான் இருந்தது. வாலால், பலகையில். மிலாடா நாலு தரம் அடிக்க வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. மலைக்கு மேல் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்கார வேண்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அபோலேனா, "வந்தாச்சு" என்றாள். பொம்மை வீடு சாப்பாட்டு அறையின் அலமாரி மேல், முகப்புத் திறந்தபடி இருந்தது. அதன் சின்ன மரம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மினுங்கியது. மிலாடா அந்தப் பக்கம் முதுகைக் காட்டும் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண் அலமாரிக்குள்ளிருந்து நாலாவதாக ஒரு பீங்கான் தட்டை எடுத்துவந்து, ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் வைத்து, மீனின் நல்ல துண்டு ஒன்றை அதில் வைத்தாள்.

மிலாடா அந்தத் தட்டைப் பார்க்காமல் சூப்பை ஊற்றினாள்.

சூப்பு பாதி போயிருக்கும். முதுகுக்குப் பின்னால் கேட்டது.

நகத்தால் தீப்பெட்டியைத் தட்டுவதுபோல். அவ்வளவு மெலிதாக. மூன்று தரம்.

கமில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கவில்லை. பெண் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோன இடத்திலேயே நிறுத்தி, மிலாடாவைப் பார்த்தாள்.

மூன்று தரம். இப்போது கொஞ்சம் பலமாக. பொம்மை வீட்டின் மேல்மாடியிலிருந்து. மணிகள் ஒன்றோடொன்று உரசிக் கலீரென்றன. பிறகு அந்தச் சத்தம் அலமாரியை விட்டு எழுந்தது. சுவரில் ஏறியது. சுவர் வழியே உத்தரத்துக்குப் போனது.

தலைக்கு மேல். கட்டில் சட்டத்தில். கரண்டியால்.

டக். டக். டக்.

கமிலின் கையிலிருந்து ரொட்டி விழுந்தது.

"கேட்டுதா?" என்றான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"காத்து" என்றாள் மிலாடா. அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "கமில், உட்காரு. எழாத. தயவு செஞ்சு எழாத."

அவன் அவள் கையைப் பார்த்தான். அன்றைக்குப் பிடித்த அதே இடத்தில் இருந்த கையை. "ரெண்டு வருஷமா இதே சத்தம்தான் என் காதுல கேட்டுக்கிட்டிருக்கு" என்றான். "அன்னிக்கு உன் பேச்சைக் கேட்டு உட்கார்ந்தேன். போதும்டி." கையை உதறிவிட்டு எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

படியேறும் சத்தம். பதினோரு படி. மேலே கதவு திறந்தது. "ஹெட்விகா?" என்று அவன் கூப்பிடுவது கேட்டது. ரொம்ப மென்மையாக. அந்தக் குரலில் அவன் மிலாடாவை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

மெழுகு உருகி மேஜை விரிப்பில் சொட்டியது.

மேலே ஏதோ கனமாக விழுந்தது. உத்தரத்திலிருந்து தூசி சூப்பில் உதிர்ந்தது.

பிறகு தட்டும் சத்தம். இது கரண்டி இல்லை. விரல் முட்டி. தரைப் பலகையில், நேர் தலைக்கு மேலே, ஒரு ஆண்பிள்ளையின் முட்டி. மூன்று தரம்.

"மிலா..."

அவனுடைய குரல்தான். தொண்டையை எதுவோ அழுத்திக்கொண்டிருந்தது.

மிலாடா மேஜையில் கையூன்றினாள். முழங்கால்கள் நிமிரத் தொடங்கின.

"எழாதீங்க அத்தை" என்றாள் அபோலேனா. அவள் தோளை யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் நிமிர்ந்து, கை இரண்டையும் மடியில் வைத்து, ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள். "எழுந்தா சாவு."

"உங்க அப்பா கூப்பிடறார்டி!"

"ஆமா. கேக்குது."

"நீயாவது..."

"நான் எழ மாட்டேன். எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க." பெண் மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "நீங்க போகணும்னா போங்க. அப்பா போனாருல்ல."

டக். டக். டக்.

எட்டு அடி வைத்தால் படிக்கட்டு. பதினோரு படி. ஒரு கதவு. மிலாடா கணக்குப் போட்டாள். அவள் வாழ்க்கையில் அதைவிட வேகமாக எதையும் கணக்குப் போட்டதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கமில் எப்படியும் முதலில் எழுந்துவிட்டான், இனி அவனுக்கு என்ன செய்தும் பயனில்லை என்று நினைத்தாள். நினைக்கும்போதே முழங்கால்கள் மடங்கின.

உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க அத்தை. ஆறிப்போகுது."

முள்கரண்டியை எடுத்தாள். வாயில் வைத்தாள். மென்றாள்.

டக். டக்.

எதிரே ஆளில்லாத நாற்காலி மெல்ல முனகியது. ஒரு ஆளின் கனம் ஏறியதுபோல். நாலாவது தட்டில் இருந்த மீன்துண்டின் மேல்தோல் சுருங்கி உரிந்தது. வெள்ளைச் சதை விள்ளலாகப் பிரிந்தது. குறைந்தது. தட்டின் விளிம்பில் ஒரு முள் வந்து படுத்தது. சதை ஒட்டாமல், சப்பியெடுத்த முள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவசரமே இல்லாமல். இன்னொன்று.

"அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நாமும் எழக் கூடாது" என்றாள் அபோலேனா. "ரொம்ப மெதுவாத்தான் சாப்பிடுவாங்க. உடம்பு சரியில்லல்ல."

மேலே தரையில் முட்டி ஒரு தரம் உரசியது. நகங்கள் பலகையைச் சுரண்டின, கொஞ்ச தூரம். பிறகு அதுவும் இல்லை.

மிலாடா விழுங்கினாள். அடுத்த துண்டை வெட்டினாள்.

பெண் தன் கைத்துணியை எடுத்துத் தன் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மேஜைக்குக் குறுக்கே எட்டி, ஆளில்லாத நாற்காலிக்கு மேல், ஒரு முகம் இருக்கவேண்டிய உயரத்தில் வெறும் காற்றை நிதானமாக, பொறுமையாகத் துடைத்தாள், நோயாளிக்கு ஊட்டிவிட்டுத் துடைக்கிற மாதிரி. துணியைத் திருப்பி மிலாடாவின் தட்டோரம் வைத்தாள்.

அதில் எண்ணெய் பிசுபிசுக்க, மெல்லிய இரண்டு உதடுகளின் தடம் பதிந்திருந்தது. மிலாடா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துணியின் மேல், அந்த உதடுகள் மெல்லத் திறந்தன.